மூன்றாம் தேதி வந்த பணம்

நெவில் ஹோல்ராய்ட் தன் வாழ்நாளில் யாரையும் ஏமாற்றியதில்லை, வங்கியைத் தவிர. அதையும் அவர் ஏமாற்று என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "கேட்டதைக் குடுத்தேன். கேக்காததைக் குடுக்கல. இதுல என்னய்யா தப்பு?" என்று கிளப்பில் பீர்க் குவளையை மேஜையில் தட்டிக் கேட்பார். எங்கள் பாட்லி ஊரில் இதற்கு எதிர்வாதம் பேச ஆள் கிடையாது. யார்க்‌ஷர்க்காரனுக்கு உழைத்த காசைவிடச் சும்மா வரும் காசுமேல்தான் மரியாதை அதிகம்.

வாலிபத்திலிருந்து ஓய்வு பெறும்வரை மெத்தைத் தொழிற்சாலையில் ஸ்பிரிங் கட்டியவர் அவர். கம்பி இழுத்து இழுத்து இரண்டு விரல்களின் நுனி மரத்துப்போயிருந்தது. சூடான தேநீர்க் கோப்பையை அந்த விரல்களால்தான் பிடிப்பார். மனைவி ஜாய்ஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளை அதட்டிச் சாப்பிட வைத்தவள். அந்தக் குரல் வீட்டிலும் அப்படியே இருந்தது. ஒரே மகள் கல்யாணமாகி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டாள். ஆக, அதட்டு வாங்க மிச்சமிருந்தவர் நெவில் ஒருவர்தான்.

வங்கி விஷயம் இதுதான். நடப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்குப் பெரும்பாலான வங்கிகள் சல்லிக்காசு வட்டி தராது. ஒரு வங்கி தந்தது, இரண்டு நிபந்தனையோடு. மாதா மாதம் கணக்குக்குள் ஆயிரம் பவுண்டாவது வரவேண்டும். இரண்டு பில்லாவது கணக்கிலிருந்து தானாகக் கட்டப்பட வேண்டும். பில்லுக்கு என்ன பஞ்சம்? கரண்ட், தண்ணீர், போன் என்று வரிசையில் நிற்கின்றன. ஆயிரம் பவுண்ட்தான் இடித்தது. நெவிலின் ஓய்வூதியம் அதைத் தொடாது.

வழி கண்டுபிடித்தது அண்ணன் மால்கம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ரகம். ஒரு தேயிலைப் பையை இரண்டு கோப்பைக்குப் போட்டுவிட்டு, மூன்றாவதற்கும் ஆகுமா என்று யோசிப்பார். செலவாகும் என்று கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது ஜாய்ஸின் கட்சி. ஓய்வு பெற்றதும் பிரிட்லிங்டனில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"நீயும் அதே வங்கில கணக்கு ஆரம்பி," என்றார் மால்கம் போனில். "ஒண்ணாம் தேதி நீ எனக்கு ஆயிரம் அனுப்பு. மூணாம் தேதி நான் அதே ஆயிரத்தை உனக்குத் திருப்பிடறேன். எனக்கும் ஆயிரம் வந்துடுச்சு, உனக்கும் ஆயிரம் வந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் வட்டி."

"அடப்பாவி! வங்கிக்காரனுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? பணம் உள்ள வரணும்னுதான் கேட்டான். உள்ளயே தங்கணும்னு கேக்கலையே!"

இருவரும் வங்கியில் ஒரே ஒருமுறை சொல்லி வைத்தார்கள். அதன்பிறகு விரல் அசைக்க வேண்டியதில்லை. மாதா மாதம் பணம் தானாகப் போகும், தானாக வரும். அனுப்பும் பணத்தோடு இரண்டு வார்த்தை எழுத வங்கி இடம் கொடுத்திருந்தது. சின்ன வயதில் வீட்டுக்குப் பின்சந்தில் பந்து எறிந்து விளையாடியது நினைவுக்கு வர, நெவில் எழுதினார்: 'இந்தா, பிடி.' மால்கம் திருப்பி அனுப்பும் பணத்தில் எழுதினார்: 'பிடிச்சாச்சு, இந்தா.' ஒன்றாம் தேதி அது போகும், மூன்றாம் தேதி இது வரும். வட்டிக் காசில் நெவில் வருடா வருடம் ரக்பி பார்க்க சீசன் டிக்கெட் வாங்கினார். ஜாய்ஸுக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பும் வந்தது.

பிறகு அப்பா செத்துப்போனார். சாம்பல் ஜாடி மால்கமின் அலமாரியில் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஊருக்கு மேலே மேட்டு நிலத்தில், அப்பா நாயோடு நடந்த இடத்தில், தூவுவதாகப் பேச்சு. குளிர் போகட்டும், மழை போகட்டும், நெவிலின் முழங்கால் வலி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. ஒருநாள் மால்கம் போன் செய்து, "தூவிட்டேன்பா" என்றார்.

"எங்க?"

"இங்கதான், கடல்ல. நேத்து நல்ல வெயில். இதுக்குன்னு ரெண்டு வண்டி மாறி அங்க வந்து போறதுக்கு டிக்கெட் என்ன விலை தெரியுமா?"

நெவிலுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அப்பாவுக்குக் கடல் என்றாலே ஆகாது. முழங்கால் ஆழத்தில் நிற்பதற்கே பயந்த மனுஷன். நெவில் அன்று போனில் பேசியதை ஜாய்ஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அவர் சொன்னது இது: "டிக்கெட் காசுக்காக அப்பனைக் கடல்ல கொட்டின கையாடா அது? இனிமே உன் வாசப்படியை மிதிச்சேன்னா, உன் சாம்பலை வாங்கத்தான் மிதிப்பேன்!"

அதோடு போச்சு. போன் இல்லை, வருகை இல்லை. நான்கு வருடம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஜாய்ஸ் பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், முந்தின ஜனவரித் தள்ளுபடியில் வாங்கியது. நெவில் அதைத் தொடமாட்டார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அந்த ஆயிரத்தை மட்டும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வட்டி போய்விடுமே! ஒன்றாம் தேதி 'இந்தா, பிடி.' மூன்றாம் தேதி 'பிடிச்சாச்சு, இந்தா.' அண்ணனும் தம்பியும் மாதத்துக்கு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள், அதையும் அவர்கள் வாயால் பேசவில்லை.

மூன்றாம் தேதி காலையில் நெவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியில் கணக்கைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "ம், வந்துடுச்சு. நல்லாத்தான் இருக்கான்" என்பார்.

"இருக்கானான்னு போன் போட்டுக் கேட்டா குறைஞ்சா போயிடுவே? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. உனக்குச் சதையே கிடையாதா?" என்பாள் ஜாய்ஸ்.

"பணம் வருதே. அப்புறம் எதுக்குப் போன்?"

போன குளிர்காலத்தில் வாழ்த்து அட்டை வரவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து, வாத்துக்கறியின் மிச்சம்கூடத் தீர்ந்துவிட்டது. ஜாய்ஸ் கணப்படுப்பு மேடைமேல் அடுக்கிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம மால்கம்கிட்டேருந்து வரலையே, நெவில்."

"ஸ்டாம்ப் விலை ஏறிடுச்சுல்ல. அதான். அவனைத் தெரியாதா?"

"எனக்கு என்னவோ மனசு சரியில்ல. நீ பேச வேணாம், நான் பேசறேன். நம்பரைக் குடு."

"மூணாம் தேதி வரட்டும்," என்றார் நெவில்.

மூன்றாம் தேதி வந்தது. பணமும் வந்தது. 'பிடிச்சாச்சு, இந்தா.' நெவில் கைபேசியை ஜாய்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா? சொன்னேன்ல! நல்லா கல்லு மாதிரி இருக்கான்." ஜாய்ஸும் அதோடு விட்டுவிட்டாள். ஆனால் நெவிலுக்கு அந்த மாதம் என்னவோ வழக்கமான திருப்தி வரவில்லை. அன்று சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் மறுபடி கைபேசியை எடுத்து அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தார். யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. சட்டென்று திரும்பிக்கூடப் பார்த்தார். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு டிவியைப் போட்டார்.

பிப்ரவரியில் வங்கியிலிருந்து எல்லோருக்கும் கடிதம். மார்ச் முதல் ஆயிரம் போதாது, ஆயிரத்து ஐந்நூறு உள்ளே வந்தால்தான் வட்டி. நெவில் வங்கியைப் பெற்றவளிலிருந்து ஆரம்பித்துத் திட்டினார். திட்டி முடித்ததும் கணக்குப் போட்டார். ஒன்றாம் தேதி போகும் ஆயிரத்தை ஆயிரத்து ஐந்நூறாக மாற்றிவிட்டால் போதும். மால்கமுக்கும் இதே கடிதம் போயிருக்கும். அவன் மாற்றாமல் விடுவானா? அரைப் பென்னி வட்டிக்குக் கிணற்றில் குதிப்பவன்!

"இப்பவாவது போன் பண்ணி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கோங்களேன்," என்றாள் ஜாய்ஸ்.

"பேசறதுக்கு என்ன இருக்கு? லெட்டர்ல எல்லாம் தெளிவா இருக்கே."

மார்ச் ஒன்றாம் தேதி ஆயிரத்து ஐந்நூறு போனது. மூன்றாம் தேதி திரும்பி வந்தது ஆயிரம்.

நெவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆயிரம்தான். 'பிடிச்சாச்சு, இந்தா.'

"திருட்டுப் பய!" என்று கத்தினார். "என் ஐந்நூறை அமுக்கிட்டான் பாரு! அப்பனைக் கடல்ல கொட்டினான், இப்பத் தம்பி காசை முழுங்கறான்!"

"அவருக்கு லெட்டர் வராம இருந்திருக்கும், நெவில். பதறாதே."

"வராமயா? வங்கிலேருந்து காத்து அடிச்சாக்கூட எழுந்து உக்காருவான் அவன்!"

நான்கு வருடத்துக்குப் பிறகு அண்ணனின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். "எடுக்க மாட்டேங்கறான். பயம்! நேர்ல போய் சட்டையைப் பிடிக்கறேன்."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு? ரெண்டு டிக்கெட் காசு தண்டம்."

மறுநாள் காலை லீட்ஸில் வண்டி மாறி, ஹல்லில் மறுபடி மாறிப் போனார். வழியெல்லாம் மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டே போனார். கதவு திறந்ததும் என்ன சொல்வது, அவன் சிரித்தால் என்ன சொல்வது, "உள்ள வா, டீ குடி" என்றால் என்ன சொல்வது. பழைய தேயிலைப் பையில் போட்ட டீ எனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். அந்த வசனம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஹல் தாண்டியதும் அதை நினைத்துத் தனியாகச் சிரித்தார். கோபத்துக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். போவதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்ததே!

திரைச்சீலை மூடியிருந்தது. மணியடித்தார். கதவைத் தட்டினார். பிறகு குனிந்து, கதவில் கடிதம் போடும் துளையின் தகட்டைத் தள்ளி, உள்ளே பார்த்துக் கத்தினார்.

"டேய் மால்கம்! கஞ்சப் பிசினாறி! உள்ளதான் இருக்கேன்னு தெரியும்டா! எங்கடா என் ஐந்நூறு? வெளிய வாடா!"

உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. அதில் என்னவோ ஒரு வாடை. கண் இருட்டுக்குப் பழகியதும் தரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கடிதங்கள் குவிந்து கிடந்தன. மேலாகக் கிடந்த உறையில் வங்கியின் முத்திரை. நெவில் வீட்டுக்கு வந்த அதே உறை. பிரிக்கவில்லை. அதற்குக் கீழே சிவப்பும் பச்சையுமாகக் கிறிஸ்துமஸ் அட்டைகளின் உறைகள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஹேசல் என்ற பெண்மணி, கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு வெளியே வந்தாள். "என்ன சார் இது, இப்படிக் கத்தறீங்க? யாரு நீங்க?"

"நான் அவன் தம்பி. நெவில்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்து, உடனே வாடியது. நெவிலைப் பார்த்தாள், மூடிய திரைச்சீலையைப் பார்த்தாள்.

"நெவிலா? அப்போ... அவர் உங்க வீட்ல இல்லையா?"

நெவில் மறுபடி குனிந்து, துளை வழியே அந்தக் கடிதக் குவியலைப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸுக்கு நெவில் வீட்டுக்குப் போறேன்னு சொன்னாரே! டிக்கெட் எடுத்துட்டேன், முன்னாடியே எடுத்தா பாதி விலைன்னு காட்டினாரே! 'திடீர்னு போய் வாசல்ல நிப்பேன், நெவில் என்ன பண்ணுவான் பாக்கறேன்'னு சிரிச்சார். அப்புறம் திரை மூடியிருந்தது. சரி, முன்கூட்டியே போயிட்டார், அண்ணன் தம்பி சமாதானமாயிட்டாங்க, குளிர் முடியறவரைக்கும் அங்கயே தங்கிட்டார்னு நான் பாட்டுக்குச் சந்தோஷமா இருந்தேனே... ஐயோ கடவுளே!"

போலீஸ் வந்து கதவை உடைத்தது. மால்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணப்புக்கு ஆகும் காஸ் செலவை மிச்சப்படுத்த வீட்டுக்குள்ளும் ஓவர்கோட் போட்டிருந்தார், கால்மேல் கம்பளி. மாரடைப்பு, நவம்பர் கடைசியில் நடந்திருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். நெவிலை உள்ளே விடவில்லை. அவர் உள்ளே போகவேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஹேசல் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மரத்துப்போன விரல்களால் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பத்தித்தான் பேச்சு," என்றாள் ஹேசல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் வேலி ஓரமா வந்து சொல்வார், 'நம்ம நெவில் நல்லாத்தான் இருக்கான், பணம் வந்துடுச்சு'ன்னு. ஒரு போன் போட்டு நேராக் கேட்டா என்னவாம்னு நான் திட்டுவேன். அதுக்கு என்ன சொல்வார் தெரியுமா?"

நெவிலுக்குத் தெரியும். "பணம் வருதே, அப்புறம் எதுக்குப் போன்," என்றார்.

ஹேசல் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

வீடு திரும்பியதும் நெவில் ஜாய்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் துளை வழியே கத்தியதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி தூக்கத்தில் அவரே "வெளிய வாடா" என்று கத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஜாய்ஸ் காரணம் கேட்கவில்லை. அவ்வளவு அதட்டுகிறவள், அவர் முதுகைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார்கள். கவுன்டரில் இருந்த சின்னப் பெண் ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். மால்கமின் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தாள். ஓய்வூதியம் வந்திருக்கிறது. கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் தானாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றாம் தேதி ஆயிரம் உள்ளே, மூன்றாம் தேதி ஆயிரம் வெளியே. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, ஒரு மாதமும் தவறவில்லை.

"நிபந்தனை எல்லாம் சரியா நிறைவேறியிருக்கு சார். வட்டியும் மாசா மாசம் வரவு வெச்சிருக்கோம்," என்றாள்.

செத்தவனுக்கு வட்டி போட்டிருந்தது வங்கி. வங்கி கேட்டது இரண்டே நிபந்தனை. உயிரோடு இருக்கவேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"இனிமே உங்க கணக்குல ஆயிரத்து ஐந்நூறு வரணும்னா வேற யாராவது..." என்று அந்தப் பெண் நல்லெண்ணத்தில் ஆரம்பித்தாள். "உங்களுக்கு வேற சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா சார்?"

"வாயை மூடு பொண்ணே," என்றாள் ஜாய்ஸ், பள்ளிக்கூடச் சமையலறைக் குரலில். பிறகு அந்தப் பெண்ணிடமே மன்னிப்புக் கேட்டாள்.

மார்ச் கடைசியில் மால்கமை எரித்தார்கள். வந்தவர்கள் நெவில், ஜாய்ஸ், ஹேசல், இரண்டு பழைய பஸ் ஓட்டுநர்கள். மறுநாள் நெவில் தனியாகப் போய் ஜாடியை வாங்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை ஹேசலிடம் கொடுப்பதற்காக அண்ணன் வீட்டுக்கு நடந்தார். வாசல்வரை போனவருக்குக் கால் நின்றுவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் தான் சொன்ன வார்த்தை அந்தப் படியில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் தெருவிலேயே நின்றார். பிறகு ஹேசல் வந்து அவர் கையிலிருந்து சாவியை வாங்கி, அவளே கதவைப் பூட்டினாள்.

"கடல்ல தூவிடறீங்களா? உங்க அப்பா அங்கதானே இருக்கார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். டிக்கெட் எடுத்து வெச்சிருந்தானே," என்றார் நெவில்.

ஒன்றாம் தேதிப் பணத்தை நிறுத்தச் சொல்லி ஜாய்ஸ் இரண்டு முறை நினைவுபடுத்தினாள். நிறுத்துகிறேன் என்றார், நிறுத்தவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை ஆயிரத்து ஐந்நூறு 'இந்தா, பிடி' என்று கிளம்பிப் போனது. மூடிய கணக்கு என்று வங்கி அதை அன்றே திருப்பி அவர் கணக்கில் போட்டது. தன் வார்த்தையே தன்னிடம் திரும்பி வந்திருந்ததை நெவில் பார்த்தார். ஜாய்ஸிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் தேதி விடியும்போதே எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். வராது என்று தெரியும். எல்லாம் தெரியும். இருந்தாலும் பார்த்தார். ஜாய்ஸ் எழுந்து வந்தாள், ரொட்டியை வாட்டினாள், முட்டையைப் பொரித்தாள். அவர் தொடவில்லை. பத்து மணிக்குப் பார்த்தார், மத்தியானம் பார்த்தார்.

"நெவில், போதும். வெச்சிடு அதை."

"வரல, ஜாய்ஸ்," என்றார் அவர். "பணம் வரல."

சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். கதவை உடைத்தபோது அழவில்லை, எரித்தபோதும் அழவில்லை. மருத்துவரின் சான்றிதழில் நவம்பர் என்று இருக்கிறது. நெவிலுக்கு அண்ணன் செத்தது ஏப்ரல் மூன்றாம் தேதி. ஜாய்ஸ் முட்டைத் தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.